வேர்ணின் சுறாவும் மன்னார்க் குளியாளும்

கொடிய விலங்கொன்றைப் புனைகதையிற் கொண்டுவரும் ஆசிரியனுக்கு இரு கடமைகள் உண்டு. விலங்கின் வலிமையை அளந்து காட்டல் வேண்டும். அதனை எதிர்ப்படும் மாந்தரை அவ்வளவுக்கேற்ப நடக்கவிடல் வேண்டும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, முதற் கடமையை எண்களாலேயே நிறைவேற்றிவிட்டது. ஒவ்வொரு பூதத்தின் வலிமையும் அங்கே பட்டியலாக உண்டு. இரண்டாவதற்கு எண்கள் உதவா. இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்வதற்கு, மன்னார்க் கடலையே களமாகக் கொண்ட அத்தியாயமொன்று உலக இலக்கியத்தில் உளது.

பிரெஞ்சு ஆசிரியர் யூல் வேர்ண் 1869-70இல் வெளியிட்ட 'கடலின் கீழ் இருபதாயிரம் லீக்குகள்' என்னும் நாவலில், கப்பித்தான் நேமோ தம் விருந்தினரை மன்னார் முத்துப் பார்களுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே தனியொரு குளியாளைச் சுறா தாக்குகிறது. நேமோ கத்தியுடன் பாய்கிறார். ஈற்றில் நெட் லாண்டின் எறியீட்டியே சுறாவைக் கொல்கிறது.

விலங்கை அளப்பதில் வேர்ண் தவறிவிட்டார் என்றே சொல்லவேண்டும். இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட நீளமும், உடலில் மூன்றிலொரு பங்கான வாயும் அதற்கு உண்டாம். ஆனால் அவர் அதற்கு இட்ட பெயரோ செட்டை நுனி கறுத்த சுறாவினுடையது. அவ்வினம் பெரும்பாலும் ஆறடியைத் தாண்டாது. ஆயினும் அத்தியாயம் வீழ்ந்துவிடவில்லை. அதனைக் காப்பது பேராசிரியர் அரொனாக்சின் அச்சம். நேமோ சுறாவேட்டை பற்றிச் சாதாரணமாகச் சொன்னதும் அவருக்கு வியர்க்கிறது. தோழர்கள் மறுத்துவிடமாட்டார்களா என்று ஏங்குகிறார். கற்றவனின் கோழைத்தனத்தை இத்துணை நேர்மையாக எழுதிய சாகசக் கதைகள் மிகச் சிலவே. நெட் லாண்டோ சுறா தன் தொழிலுக்குரிய இரை என்கிறான். கொன்செயில் எசமானைப் பின்தொடர்வதே கடமை என்கிறான். மூவரின் எதிர்வினையும் மூவரின் வாழ்விலிருந்தே பிறக்கின்றன.

குளியாளின் வாழ்வு மட்டும் கதையில் இல்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமெர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூல் இதனை நிரப்ப உதவும். வளைகுடாவில் சுறாக்கள் மலிந்திருந்தும், ஆங்கிலேயர் காலச் சலாபங்களில் ஐயமற உறுதிப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்கிறார் அவர். படகுகளின் திரளும், கற்கள் விழும் ஓசையும், ஆட்களின் ஆரவாரமும் சுறாக்களை விரட்டியிருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் கடற்கட்டியின்றி எவரும் குளிக்க இறங்கார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரத்துக்குரிய அக்குடும்பத்தின் தலைவர் அப்போது கத்தோலிக்கர்! அவர் நோயுற்றபோது பதிலாள் ஒருவரை அனுப்பினார். தமக்கு மந்திரம் தெரியாதெனினும், தாம் பதிலாள் என்பதைச் சுறாக்கள் மதிக்குமென்று அப்பதிலாள் ரெனன்றிடம் சொன்னாராம். நகைப்புக்கிடமாகத் தோன்றினும், கூட்டமாக இறங்குவதற்கு வேண்டிய துணிவை அளித்தது இதுவே. மார்க்கோ போலோ காலத்து மந்திரக்காரர் விளைவில் இருபதிலொரு பங்கு பெற்றனர். இரவில் கட்டை அவிழ்த்தும் விட்டனர். இரவுக் களவைத் தடுக்க இதனினும் மலிவான காவல் ஏது?

இதனை அறிந்த வாசகனுக்கு வேர்ணின் காட்சி வேறாகத் தெரியும். அவருடைய குளியாள் சலாபக் காலத்துக்கு முன்னரே, அறுவடைக்கு முந்திப் பொறுக்க வந்தவன். கூட்டமில்லை, ஆரவாரமில்லை, கடற்கட்டியில்லை. மன்னார்க் கணக்கின்படி சுறா தாக்கவேண்டியவன் அவனே. வேர்ண் இதனை அறிந்து எழுதினார் எனக் கொள்ள இடமில்லை. அறிந்திருப்பின், ஒவ்வொரு முறை கல்லைப் பற்றும்போதும் அவன் தயங்கியிருப்பான், சுற்றும் பார்த்திருப்பான். நாவலில் அவன் அரைமணி நேரம் இயந்திரம் போல் மூழ்கி எழுகிறான். சுறா வந்த பின்னரே அஞ்சுகிறான். அந்த ஒரு கணத்தில் மாத்திரமே அவனுக்கு மனம் இருப்பது தெரிகிறது.

பின்னர் நேமோ அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்ட நாட்டவன் இவன், தானும் அந்நாட்டவனே என்று அவனுக்காகப் பேசுபவரும் நேமோதான். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. சலாபத்தில் அரசுக்குப் பெரும்பங்கு சிப்பி, ஆட்களுக்கு மிச்சம் என்றெல்லாம் கணக்கிருந்த கரை அது. காலத்துக்கு முன் இறங்கியவன் அப்பையுடன் கரையேறி, எங்கே பெற்றேன் என்று சொல்வான்? செப்புத்தலை மனிதர் தந்தார் என்றா? வேர்ண் அவனைப் படகிலேயே விட்டுவிட்டு நோட்டிலசுக்குத் திரும்பிவிடுகிறார்.