ஜவ்வு கிழிந்த பிறகு

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில், இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு கோல் போஸ்ட் செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் நின்ற பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். சிவப்புச் சட்டை, முதுகில் 11, மேலே பாதி உரிந்துபோன சாலாவின் பெயர். ‘சாலா யாருன்னு தெரியுமா தம்பி?’ என்று கேட்டுவிட்டேன். பெரிய தப்பு. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ராமோஸோடு சிக்கித் தோளில் விழுந்தது, அந்தத் தோளோடே உலகக்கோப்பைக்குப் போனது, 2022 மார்ச்சில் டாக்காரில் முகமெல்லாம் பச்சை லேசர் அடிக்க பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். லிவர்பூல் வாங்கிய கோப்பைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘அந்த பெனால்ட்டிதான்ணா பாவம்.’

பிறகு அவன் கேட்டான். ‘நம்மூர்ல அந்த மாதிரி யாருண்ணா?’

நந்தகுமார் சேகர் என்றேன். சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால்.

‘அவரு எந்த பெனால்ட்டிய விட்டாரு?’

என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கல்லூரி அறைத்தோழன் சிரித்தான். ஊர் அவனுடையது. அவன் சிரித்ததற்குக் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பையனின் கேள்விதான் இந்தக் கட்டுரை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நைல் டெல்டாவில், நக்ரிக் என்ற கிராமத்தில் பிறந்த ஒருவனின் தோல்விகள் தோணிரேவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. பக்கத்திலேயே இருக்கிற சென்னையின் கால்பந்துக்காரர்களுக்கு இங்கே தோல்விகளே கிடையாது. வாழ்க்கையும் கிடையாது. ‘சாதித்தார்’ என்ற ஒரு வினைமுற்று மட்டும் இருக்கிறது.

2019இல் தமிழ் சினிமா இரண்டு முறை கால்பந்தைத் தொட்டது. தீபாவளிக்கு அட்லீயின் ‘பிகில்’, டிசம்பரில் சுசீந்திரனின் ‘சாம்பியன்’. ஒன்று முந்நூறு அடி கட்-அவுட் வைக்கிற படம், இன்னொன்று வடசென்னைத் தெருவுக்குள் நடக்கிற சின்னப் படம். ஆனால் இரண்டின் நடுவிலும் ஒரே பொருள் கிடக்கிறது: கொலையான அப்பா. ‘பிகி’லில் ராயப்பன் வெட்டிச் சாய்க்கப்படுகிறார், ஆட்டக்காரன் மைக்கேல் பந்தை விட்டுவிட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்கிறான். ‘சாம்பிய’னில் அப்பாவைக் கொன்றது யாரென்று தெரிந்த பிறகு பையனுக்குக் கால்பந்தா கத்தியா என்பதுதான் கேள்வி. தமிழ் சினிமாவில் ஒருவனின் ஆட்டம் நிற்க வேண்டுமென்றால் அப்பா சாக வேண்டும். அரிவாள் வேண்டும், வில்லன் வேண்டும், மழை பெய்தால் இன்னும் நல்லது.

நிஜத்தில் ஆட்டத்தை நிறுத்துவது முட்டிக்குள் இருக்கிற ஒரு ஜவ்வு. அதற்கு வசனம் எழுத முடியாது.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பக்கத்து மீனவக் கடற்கரை அவருடைய ஊர். கால்பந்தைத் திருவிழா மாதிரி ஆடுகிற கடற்கரை அது. சூசைராஜின் அண்ணன் மைக்கேல் ரெஜினும் கிளப் ஆட்டக்காரர்தான். சென்னை சிட்டி எஃப்.சி., பிறகு ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை. 2020 மார்ச்சில் ஏ.டி.கே.வோடு ஐ.எஸ்.எல். கோப்பை. செய்தித்தாள் கட்டுரைகள் இங்கே முடிகின்றன. மீனவர் மகன், மணல், வெறுங்கால், இந்திய அணி, முற்றும்.

அவருடைய கதை உண்மையில் தொடங்குவது அதே வருடம் நவம்பர் 20 அன்று. புது சீசனின் முதல் ஆட்டம், எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸ். ஆரம்ப நிமிடங்களிலேயே முட்டியில் அடிபட்டு வெளியே போகிறார். அந்த சீசன் அதோடு சரி. கொரோனாவுக்காக ஆளில்லாமல் நடந்த சீசன் அது. கேலரியிலிருந்து ஒரு ‘ஐயோ’ கூடக் கேட்கவில்லை. இருபத்தாறு வயது. இறக்கையில் ஓடுகிறவனுக்குக் கால்தான் மூலதனம். திரும்பி வந்தார், பிறகு ஒடிசாவுக்குப் போனார். கிளப் என்ற வரிசையில் இன்னும் பெயர்கள் சேர்ந்தன. தேசம் என்ற வரிசை 2019ஐத் தாண்டிப் பெரிதாக நகரவில்லை. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்கு அரிவாள் வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரனுக்கு மட்டுமில்லை, கிளப்புக்கும் ஜவ்வு கிழியும். சூசைராஜும் நந்தகுமாரும் ஆடிய அதே சென்னை சிட்டி, கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 2018–19இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. அந்த சீசனில் பெத்ரோ மான்சி அடித்தது மட்டும் 21 கோல். 2021–22 ஐ-லீக் அட்டவணையில் அப்படியொரு அணியே இல்லை. மூன்றே வருடம். தேசியப் பட்டம் வென்ற ஒரு தமிழ்நாட்டு அணி இல்லாமல் போனதைப் பற்றி நான் தமிழில் ஒரு நல்ல கட்டுரை வாசித்ததில்லை. எங்கள் வேலையில் சர்வர் இரண்டு மணி நேரம் விழுந்தால்கூட, எது எப்போது எதனால் உடைந்தது என்று மறுநாள் ஒரு அறிக்கை எழுதியாக வேண்டும். யாரையும் திட்டாமல் எழுத வேண்டும், அதுதான் விதி.

நந்தகுமாருக்கு வருகிறேன். அவர் போய்ச் சேர்ந்த டெல்லி டைனமோஸ் 2019இல் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு ஒடிசா எஃப்.சி. ஆனது. இந்திய அணிக்கு முதல் ஆட்டம் 2023 ஜூனில், 27 வயதில். அந்த வயதில் எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் வீட்டுக்கடன் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆகஸ்ட் 12, டூராண்ட் கோப்பை, மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல். நாலரை வருடமாக அந்த டெர்பியை வெல்லாத ஈஸ்ட் பெங்கால் அன்று வென்றது. கொல்கத்தாவில் பாதி ஊர் தூங்கியிருக்காது. சென்னையில் மறுநாள் நான் டீக்கடையில் அதைச் சொன்னபோது, ‘யாரு?’ என்றார்கள்.

‘பிகி’லுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்கள் பந்தாடுவதற்கு ஒரு திரையரங்கம் முழுக்க விசில் அடித்ததை நான் முதல் முறை பார்த்தது அந்தப் படத்தில்தான். ஆசிட் வீச்சில் முகம் வெந்த அனிதா மைதானத்துக்குள் இறங்குகிற இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தப் பெண்களுக்கு ஆட்டம் உள்ளேயிருந்து வருவதேயில்லை, கோச் வந்து ஊதினால்தான் வருகிறது. பாண்டியம்மாவின் உடம்பை எல்லோர் முன்பும் கேவலப்படுத்தினால் அவள் கோபத்தில் நன்றாக ஆடுவாள் என்பது படத்தின் உளவியல். அதற்கும் விசில்.

படம் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருந்தார்கள். மணிப்பூரை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டம் ஏறக்குறைய அவர்கள் வீட்டுப் பொருளாக இருந்தது. 2023இல் அமிர்தசரஸில் மீண்டும் வென்றார்கள். அந்தத் தலைமுறையின் நடுக்கள ஆட்டக்காரர் கடலூரின் இந்துமதி கதிரேசன். காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடிக்கிடந்தபோது அவர் சென்னையில் சாலையில் நின்று டியூட்டி பார்த்தார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது, அணியில் இருந்தார். ஈரானோடு கோலில்லாமல் முடிந்த ஓர் ஆட்டம். பிறகு முகாமுக்குள் கொரோனா புகுந்து, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் போதாமல், இந்தியா போட்டியை விட்டே வெளியேறியது. சொந்த மண்ணில், மொத்தம் 90 நிமிடம். இதற்கு எந்த கோச் வந்து என்ன வசனம் பேச?

எகிப்துக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முகமது அபூத்ரிகா ஐரோப்பாவில் எந்தக் கிளப்புக்கும் ஆடியதில்லை. உள்ளூர் அல் அஹ்லிதான். 2006இல் ஆப்பிரிக்கக் கோப்பையின் கடைசி பெனால்ட்டி, 2008 இறுதியில் ஒரே கோல், இரண்டும் அவருடையவை. ஆனால் எகிப்தியர்கள் அவரை நினைப்பது அதனால் மட்டுமில்லை. 2012 பிப்ரவரியில் போர்ட் சயீத் மைதானத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ரசிகர்கள் செத்தபோது, ஒரு பையன் உடைமாற்றும் அறையில் அவர் கையிலேயே உயிர் விட்டான். அவர் உலகக்கோப்பையும் ஆடியதில்லை. 1990க்குப் பிறகு எகிப்து அங்கே போனது 2018இல்தான். கிடைக்காதவையும் சேர்ந்துதான் அவருடைய வாழ்க்கை வரலாறு. சாலாவுக்கும் அப்படியே. ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் இரண்டு முறை தோற்றவர், இரண்டாவது முறை ஷூட்-அவுட்டில் ஐந்தாவது ஆளாக நின்று, தன் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்தவர். அந்த மக்கள் இதையெல்லாம் டீக்கடையில் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். அப்படிப் பேசப்பட்டதால்தான் அது தோணிரேவு வரை வந்தது.

இனி நண்பன் சிரித்ததற்கான காரணம். இரண்டாம் வருடம் படிக்கும்போது பல்கலைக்கழக அணிக்கு அவன் தேர்வானான். கல்லூரி ஆண்டு மலரில் நான்தான் எழுதினேன். ஏரி, படகு, இறால், வெறுங்கால், கண்ணில் கனவு. எல்லாவற்றையும் போட்டேன். இன்று அதை எடுத்து வாசித்தால் கூசுகிறது. நான்கு மாதம் கழித்து ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவன் முட்டி போனது. ஸ்கேன் எடுக்கவே அவன் அம்மா இரண்டு பேரிடம் கடன் வாங்கினார். ஆபரேஷன் நடக்கவில்லை. நான் அதை எழுதவில்லை. அடுத்த மலரில் ஏதோ கவிதை எழுதினேன்.

‘நீ எழுதினது செலக்‌ஷனோட முடிஞ்சுது மச்சி,’ என்றான் அன்று, ஏரியைப் பார்த்துக்கொண்டே. ‘அதுக்கப்புறம் நான் என்ன செத்தா போயிட்டேன்?’

என்ன செய்தாய் அதற்குப் பிறகு என்று கேட்டேன். பதினான்கு வருட நட்பில் முதல் முறை கேட்கிறேன். இருட்டும் வரை சொன்னான். ஸ்கேன் கவரை இன்னும் வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் வலிக்கும். முதல் இரண்டு வருடம் டிவியில் மேட்ச் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவானாம். நடுவில் அவன் அம்மா வந்து, ‘தம்பி, நண்டு ஆறிடும், வந்து சாப்பிடுங்க’ என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது லீவு நாட்களில் பையன்களுக்கு அவன்தான் கோச். ஓட முடியாது, அதனால் கோலில் நிற்கிறான். சிவப்புச் சட்டைப் பையன் பெனால்ட்டிக்குப் பந்தை வைத்தான்.

‘டேய், இடது பக்கம் என்னால விழ முடியாது. அங்க மட்டும் அடிக்காத.’

பையன் சரியாக அங்கேதான் அடித்தான்.