நேர்கோடும் சுருள்கோடும்

வேற்றுமொழி மாணவன் ஆங்கிலக் கல்லூரியில் எழுதும் கட்டுரை, இலக்கணப் பிழைகள் நீங்கிய பின்னும், விரிவுரையாளருக்கு ஏன் கோணலாகத் தோன்றுகிறது? இக்கேள்விக்கு 1966ஆம் ஆண்டில் ராபர்ட் கப்லன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஐந்து படங்களால் விடை கூறினார். அயல்நாட்டு மாணவர் எழுதிய ஏறக்குறைய 600 ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்தறிந்து, 'லாங்குவேஜ் லேர்னிங்' என்னும் ஆய்விதழில் அவர் வெளியிட்ட கட்டுரை இருபது பக்கமே உடையது. ஆயினும் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அதன் செல்வாக்கு இன்னும் ஓயவில்லை. கட்டுரையைப் படியாதவர்களும் படங்களை அறிவர். ஆகவே அதனை ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

ஆங்கிலம் எழுதுவோர் எண்ணம் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்கோடு. செமித்திய மொழியாருடையது அடுக்கடுக்கான இணைகோடுகள். கீழை நாட்டாருடையது உள்நோக்கிச் சுழலும் சுருள். இலத்தீன் வழி வந்த மொழியாரும் ருஷ்யரும் இடையிடையே விலகிச் செல்லும் முறிகோட்டினர். இவையே அப்படங்கள். தமிழுக்கென்று படம் இல்லை. கீழை நாட்டார் என்றால் சீனரும் கொரியருமே என்று கப்லன் குறிப்பு எழுதியுள்ளார். ஆனால் குறிப்பை யார் பார்க்கிறார்கள்? சுருளுக்குள் நம்மையும் சேர்த்துச் சுற்றிவிடுகிறார்கள்.

அவருக்கு உரிய நன்றியை முதலில் செலுத்திவிட வேண்டும். அக்காலத்தில் அயல்நாட்டு மாணவனின் எழுத்துக் குறை யாவும் வாக்கியக் குறையே என்று எண்ணப்பட்டது. எழுவாய், பயனிலை, காலம் இவற்றைத் திருத்திவிட்டால் கட்டுரை தானே செம்மையாகிவிடும் என நம்பினர். அப்படி ஆகாது, பத்தியமைப்பையும் கற்பித்தாக வேண்டும் என்று எடுத்துக்காட்டியவர் கப்லன். மாணவன் மந்தபுத்திக்காரன் அல்லன், வேறொரு மரபில் பழகியவன் என்று அவர் கூறியதும் அந்நாளில் துணிவான பேச்சே.

ஆனால் அவர் கையாண்ட சான்றுகள் வலுவற்றவை. சீனன் எவ்வாறு சிந்திக்கிறான் என அறியச் சீன மொழியில் எழுதிய சீனக் கட்டுரையை அல்லவா பார்க்க வேண்டும்? கப்லன் பார்த்தது அம்மாணவன் தட்டுத் தடுமாறி எழுதிய ஆங்கிலத்தை. நீச்சல் பழகுகிறவன் கை கால் உதறுவதைக் கண்டு அவன் ஊரார் நடப்பதே இப்படித்தான் என்று முடிவு கட்டலாமா? செமித்திய மரபை விளக்க அவர் எடுத்த எடுத்துக்காட்டோ இன்னும் வியப்பானது. பழங்கால எபிரேயத்திலிருந்து ஆங்கிலமான விவிலியத்தைக் காட்டி, இருபதாம் நூற்றாண்டு அராபிய மாணவனின் மனத்தை அளக்கிறார்! தம் வாதத்தை அளவுக்கு மீறி அழுத்திச் சொல்லிவிட்டதாக 1987இல் அவரே இணங்கினார். படங்களோ அவர் கையை விட்டுப் போய்விட்டன.

நேராகச் செல்வது ஆங்கிலத்தின் தனிச்சொத்து என்ற கருத்தைத் தமிழறிந்தவன் ஏற்றல் இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைக் கூறுகிறது. கூறியது கூறல் அவற்றுள் ஒன்று. எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தல் வேறொன்று. ஆங்கில விரிவுரையாளர் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதும் குறைகளில் பாதி அங்கே இருக்கிறது. நம்மவர் சிலர் மேடையில் வளைத்து வளைத்துப் பேசுவது உண்மை. அது மரபின் குற்றமா, மைக்கைப் பிடித்தவரின் குற்றமா என்பதை வாசகர்களே அறிவர்.

எனினும் வேறுபாடே இல்லை என்று சாதிக்கவும் நான் வரவில்லை. என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், இடைநிலைப் பள்ளியில் மலாய் வழிப் பயின்று, மூயட் தேர்வும் தேறித் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். தோட்டத்து இளைஞர் நகருக்குக் குடிபெயர்வது ஏன் என்ற கட்டுரையில், பாட்டனார் பால்மரம் வெட்டிய காலம், கூலி நிலை, தோட்டம் துண்டாடி விற்கப்பட்டது என வரிசையாகச் சொல்லி, காரணத்தைக் கடைசி வரியில் வைத்திருந்தார். 'உன் கருத்து என்ன?' என்று முதற்பக்கத்திலேயே கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார் விரிவுரையாளர். காரணங்களை அடுக்கி, 'ஆகவே' என்று முடிப்பது தமிழில் நல்ல முறை. கல்லூரி ஆங்கிலம் முடிவை முதலில் கேட்கிறது. இவ்விதியை அம்மாணவருக்கு ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதே என் மனக்குறை. சொல்லாத விதிக்குத் தண்டனை மட்டும் உண்டு.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழரான சுரேஷ் கனகராஜா நமக்குத் துணை வருகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் மூன்று கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது. மற்றொன்று உள்ளூர் வாசகருக்கே ஆங்கிலத்தில். மூன்றாவது அயல்நாட்டு அறிஞருக்கு ஆங்கிலத்தில். மூன்றும் ஒரே வார்ப்பில் அமையவில்லை. எழுதியவர் ஒருவரே, தாய்மொழியும் ஒன்றே. ஆதலின் வேறுபாட்டுக்குத் தாய்மொழியைக் காரணம் காட்ட வழியில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பதே எழுத்தின் போக்கை மாற்றுகிறது. கப்லனின் ஐந்து படங்களையும் இந்த ஓர் எடுத்துக்காட்டு கலங்க வைக்கிறது என்பது என் துணிபு.

கல்லூரி ஆசிரியர்களுக்கு இதனால் விளையும் பயன் பெரிது. மாணவன் மனத்தை நேராக்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை; தம் துறை வாசகர் எதை எங்கே எதிர்பார்க்கிறார் என்று தெரிவித்தால் போதும். சென்ற ஆண்டு நன்றாக எழுதப்பட்ட விடைத்தாள் ஒன்றையும் நடுத்தரமான ஒன்றையும் பெயரை மறைத்துக் காட்டலாம். முதல் வரைவில் வரிசையைப் பற்றி மட்டும் குறிப்பெழுதி, இலக்கணத்தை இரண்டாம் வரைவுக்கு ஒத்திவைக்கலாம். கோலாலம்பூர்க் கல்லூரிகளில் இன்று ஏமன், வங்காளதேசம், சீனம், இந்தோனேசியா ஆகிய நாட்டு மாணவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். நாட்டுக்கு ஒரு படம் வரைந்துகொண்டிருக்க எந்த விரிவுரையாளருக்கு நேரம் இருக்கிறது?

கப்லன் சொன்ன பயிற்சிகளில் ஒன்றை மட்டும் நான் மனமார ஏற்கிறேன். ஒரு பத்தியின் வாக்கியங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது அது. கல்லூரி வரை காத்திராமல் ஆறாம் ஆண்டிலேயே, தமிழ் வாக்கியங்களைக் கொண்டே, இதனைச் செய்து வருகிறேன். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் பழுதானதைப் பற்றிய எட்டு வாக்கியங்களைத் துண்டுத் தாள்களில் எழுதித் தருவேன். பாட்டிக்கு எழுதும் கடிதம் என்றால் பிள்ளைகள் குழாய் நின்ற நாளிலிருந்து கதையாகத் தொடங்குவார்கள். கிராணிக்குக் கொடுக்கும் மனு என்று சொன்ன மாத்திரத்தில், குழாயைச் சரிசெய்து தர வேண்டும் என்ற வாக்கியத்தைத் தாமே எடுத்து மேலே வைத்துவிடுகிறார்கள்.