நகத்தில் வளரும் ஈஸ்ட்: ஒரு பரிசோதனை மரபின் நிறையும் குறையும்

நகம் தடித்து, நிறம் மாறி, பொடிப்பொடியாக உதிர்ந்தால் நகச்சொத்தை என்கிறோம். பூஞ்சையால் வரும் சொத்தைக்குப் பெரும்பாலும் டெர்மட்டோஃபைட் எனப்படும் தோல்பூஞ்சைகளே காரணம். அவற்றில் முதலிடம் ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரத்துக்கு. ஆனால் ஆய்வகத்தில் நகத்துகளை வளர்த்துப் பார்க்கும்போது சில சமயம் வேறு உயிர்கள் முளைக்கின்றன: காண்டிடா பாராப்சிலோசிஸ், காண்டிடா கில்லியர்மாண்டி, ட்ரைக்கோஸ்போரான், இளஞ்சிவப்புத் திட்டுகளாக வளரும் ரோடோடொருலா. அதிகம் பேசப்படாத இந்த ஈஸ்ட்கள் தோலிலும் மண்ணிலும் குளியலறை ஈரத்திலும் இயல்பாகவே வாழ்பவை. அதனால் 'வெளியிலிருந்து கலந்தது' என்று அவற்றை ஒதுக்கிவிடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்த வழக்கத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தவை, பிரிட்டனின் பூஞ்சையியலாளர் மேரி இங்கிலிஷ் 1976இல் வகுத்த விதிகள். தோல்பூஞ்சை வளர்ந்தால் அதுவே நோய்க்காரணி. வேறு பூஞ்சையோ ஈஸ்டோ வளர்ந்தால், அதே நகத்துகளை நுண்ணோக்கியில் பார்த்தபோதும் பூஞ்சை இழையோ ஈஸ்ட் செல்லோ தெரிந்திருக்க வேண்டும். அதோடு, வளர்ந்தது ஈஸ்ட் அல்லாத இழைப்பூஞ்சை என்றால், தட்டில் இட்ட 20 துணுக்குகளில் குறைந்தது ஐந்திலாவது அது வளர வேண்டும். தோல்பூஞ்சை எதிலும் வளரக் கூடாது.

இந்த எச்சரிக்கை வீண் அல்ல. பூஞ்சை என்று சந்தேகிக்கப்படும் நகங்களில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சையே இருப்பதில்லை. சொரியாசிஸ், காலணி அழுத்தம், பழைய அடி ஆகியவையும் நகத்தை அப்படியே காட்டும். பூஞ்சையை உறுதிசெய்யாமல் மாத்திரை தர வேண்டாம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி 2013இல் அறிவுறுத்தியது. பூஞ்சைக்குத் தரும் மாத்திரைகளில் டெர்பினாஃபின் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும். இட்ராகொனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. இத்தாலியில் நாள்பட்ட நகச்சுற்று உள்ள 45 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இன்னொரு பாடம் தந்தது. அதில் பூஞ்சை மாத்திரைகளைவிட ஸ்டீராய்டு களிம்பே நன்கு கேட்டது. காண்டிடா நீங்கியவர்களிலும் சிலருக்கே நோய் தீர்ந்தது. ஓயாத ஈரத்தாலும் சோப்பாலும் நகக்கண் புண்ணாகிறது. ஈஸ்ட் அங்கே பின்னால் வந்து குடியேறுகிறது. ஈஸ்ட் இருப்பது வேறு, ஈஸ்டால் நோய் வருவது வேறு.

இந்த மரபின் குறைகளும் கனமானவையே. முதலாவது, வளர்ப்பு ஊடகம். தோல்பூஞ்சையைப் பிரித்தெடுக்க சபுரோ எனப்படும் ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். அது வேண்டாத பூஞ்சைகளை அடக்கும்; காண்டிடா பாராப்சிலோசிஸ் போன்ற ஈஸ்ட்களையும் சேர்த்தே அடக்கிவிடும். அந்த ஒரு தட்டை மட்டும் நம்பினால், தேடாததை இல்லை என்று சொன்னதாகிவிடும். இரண்டாவது, நுண்ணோக்கி. ட்ரைக்கோஸ்போரான் உண்மையான இழைகளை விடும்; அவை துண்டு துண்டாக உடையும். அவசரப் பார்வைக்குத் தோல்பூஞ்சை போலவே தோன்றும். மூன்றாவது, தோல்பூஞ்சை வளர்ந்தவுடன் மற்றதைக் கணக்கில் எடுக்காத விதி, இரண்டும் சேர்ந்து தாக்கும் கலப்புத் தொற்றுக்கு இடமே தருவதில்லை. நான்காவது, நடைமுறை. நோயாளி கூட்டம் நிறைந்த ஆய்வகத்தில் 20 துணுக்குகளை யார் நடுவது? விதியின் கடினமான பாதி கைவிடப்படுகிறது. ஒதுக்கும் பாதி மட்டும் பழக்கமாக நிலைத்துவிடுகிறது.

இதன் விலையை நோயாளியே கொடுக்கிறார். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மி.கி. வீதம் 12 வாரம் என்பது வழக்கமான சிகிச்சை. தோல்பூஞ்சையை அது கொல்லும். காண்டிடா அல்பிகன்ஸின் வளர்ச்சியைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவதோடு சரி. ஆனால் அதே மருந்து ஆய்வகச் சோதனையில் காண்டிடா பாராப்சிலோசிஸைக் கொல்கிறது. ரோடோடொருலாவோ ஃபுளுகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு இயல்பிலேயே அடங்காதது. எனவே ரிப்போர்ட்டில் 'ஈஸ்ட்' என்ற ஒற்றைச் சொல் போதாது. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். மருந்து தவறு என்று தெரிவதற்குள் ஓராண்டு போய்விடும்.

சோதனையே செலவு, நேரே டெர்பினாஃபின் தருவதே மலிவு என்று 2016இல் அமெரிக்காவில் வெளியான ஒரு செலவுக் கணக்கு காட்டியது. தோல்பூஞ்சையே பெரும்பான்மையாக உள்ள கால் நகத்துக்கு அந்த வாதம் பொருந்தலாம். பாத்திரம் தேய்ப்பவர்கள், மீன் கழுவுபவர்கள், சலவை செய்பவர்கள் என நாளெல்லாம் தண்ணீரில் கை வைத்திருப்போரின் கைநகத்துக்கு அதைப் பொருத்துவது நியாயமல்ல. காண்டிடாவின் பங்கு கூடுவது அங்கேதான்.

ஆகவே சந்தேகத்தை வைத்துக்கொள்வோம், அலட்சியத்தைக் கைவிடுவோம். சைக்ளோஹெக்சிமைடு உள்ள தட்டு ஒன்று, இல்லாத தட்டு ஒன்று என இரண்டிலும் நகத்துகளை இட வேண்டும். நுண்ணோக்கியில் கண்டது இழையா, மொட்டுவிடும் ஈஸ்டா என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ஈஸ்ட் வளர்ந்தால் சில நாள் கழித்து மறுபடி நகம் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் அதுவே வந்து, நுண்ணோக்கியும் ஒத்துப்போனால் இனத்தைக் கண்டறிந்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். 20 துணுக்கு நட முடியாத ஆய்வகமும் இதைச் செய்ய முடியும். மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கையை உலர வைக்கும் வழியைச் சொல்லாமல் நோயாளியை அனுப்பக் கூடாது. எந்த உயிர், அது அங்கே ஏன் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடாத ரிப்போர்ட்டை வைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.