புறப்பாட்டுக் கூடமும் உரிப்பொருளும்

அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் முன்னதினும் பின்னது சிறந்தது என்னும் முறையையும் உடன் வைத்தார். நிலமும் பொழுதும் அமைந்திருக்கலாம். மாவும் மரமும் பறையும் யாழும் நிறைந்திருக்கலாம். உரிப்பொருள் இல்லையேல் அஃது அகப்பாட்டு ஆகாது. இதனைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். இவ்வளவுகோலை விமான நிலையத்துப் புறப்பாட்டுக் கூடத்துக்கு வைத்துப் பார்ப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், பாலைக்குரிய பிரிதலும் முல்லைக்குரிய இருத்தலும் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் நிகழும் இடம் இக்காலத்தில் அதுவன்றி வேறு யாது?

அண்மைக்காலத்தில் எழும் விமான நிலையங்கள் யாவும் தத்தம் நாட்டுப் பண்பாட்டைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்கின்றன. பாராட்டத்தக்க நோக்கமே. உலகெங்கும் ஒரே கண்ணாடிச் சுவரும் ஒரே வெண்ணிறத் தளமுமாக இருப்பதினும் இது நன்று. ஆனால் காட்டப்படுவது எது என்பதே வினா. ஜொகூர்த் தமிழர் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல எண்ணின் பாலம் கடந்து சிங்கப்பூர்ச் சாங்கிக்குப் போவர். அன்றேல் வடக்கே கோலாலம்பூருக்குப் போவர். சபா, சரவாக்குக்குச் செல்வோர்க்குச் செனாய் நிலையம் உண்டு. ஆகவே பல கூடங்களில் காத்திருந்து பழகியவர் அவர்.

கோலாலம்பூர் நிலையம் 1998ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதனை வகுத்த சப்பானியக் கட்டடக் கலைஞர் கிசோ குரோகாவா, காட்டினுள் நிலையமும் நிலையத்தினுள் காடும் என்ற கருத்தைக் கொண்டார். தூண்கள் மரங்களென மேலெழுந்து விரிகின்றன; துணைக் கட்டடத்தின் நடுவே மெய்யான காடே நடப்பட்டுள்ளது. பண்பாட்டைப் படமாக வரையாமல் நிழலும் பசுமையுமாகத் தந்தமையால் இது ஏனையவற்றினும் ஒரு படி உயர்ந்தது எனலாம். கண் களைப்பாறுகிறது. கால் களைப்பாறுகிறதா என்பது வேறு செய்தி.

சாங்கியின் நான்காம் முனையம் 2017இல் திறக்கப்பட்டது. அதன் புறப்பாட்டுப் பகுதியில் பெரானாக்கான் கடைவீடுகளின் முகப்புகளை வரிசையாக எழுப்பியுள்ளனர். வண்ணமும் வேலைப்பாடும் அழகியவை. ஆனால் பழைய கடைவீட்டின் தனிச்சிறப்பு முகப்பன்று. அதன்முன் ஓடிய ஐந்தடி வழி. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் யாவர்க்கும் கூரையாக அது நின்றது. முகப்பைக் கொணர்ந்தவர் அந்த ஈகையைக் கொணரவில்லை. முகப்புக்குப் பின்னால் இருப்பது கடை. அமர்வதற்கு அன்று, வாங்குவதற்கு.

இனித் திருச்சிராப்பள்ளி. அதன் புதிய முனையம் 2024 சனவரி 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு. கோலங்களும் திருவரங்கக் கோயிலின் வண்ணங்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. மலேசியாவிலிருந்து சென்று இறங்கும் தமிழர்க்கு அவற்றைக் கண்டதும் நெஞ்சு நெகிழ்வது இயல்பு. வருவார்க்கு அது நல்வரவே. புறப்படுவார்க்கோ? இந்திய நிலையங்களில் பயணச்சீட்டு இல்லாதார் வாயிலோடு நின்றுவிட வேண்டும் என்பது பொது வழக்கம். பேரனை அனுப்ப வந்த பாட்டி, வண்டிகள் நெருக்கும் நடைபாதையில் நின்றவாறே விடைகொடுக்கிறாள். கருப்பொருள் அனைத்தும் உள்ளே இருக்க, உரிப்பொருள் வெளியே வெயிலில் நிற்கிறது! சுவரோவியம் நடப்பவர் கண்ணுக்கு உரியது. மூன்று மணி நேரம் காத்திருப்பவர் முதுகுக்கு அது என்ன செய்யும்? குறை ஓவியருடையது அன்று. பண்பாட்டுக்குச் சுவரை மட்டும் ஒதுக்கியவருடையது.

இருக்கையைப் பற்றி ஒரு சொல். ஒரே உலோகச் சட்டத்தில் பல இருக்கைகளைப் பிணைக்கும் நிரை நாற்காலியை அமெரிக்கரான ஈம்சு தம்பதியர் 1962இல் சிகாகோ, வாசிங்டன் நிலையங்களுக்காக அமைத்தனர். துடைக்க எளிது, நெடுநாள் உழைக்கும். அவ்வகை உலகெங்கும் பரவியது. ஆனால் இடையிடையே கைப்பிடி இருப்பதால் யாரும் சாய்ந்து படுக்க முடியாது. குடும்பத்தார் எதிரெதிரே அமர்ந்து பேசவும் வழியில்லை. மக்களைப் பிரித்து உட்கார்த்தும் இவ்வமைப்பு அவர்களைக் கடைகளை நோக்கித் தள்ளுகிறது என்று இராபர்ட்டு சோமர் என்னும் உளநூலார் 1970களிலேயே எடுத்துக்காட்டினார்.

தமிழர்க்கு வழிப்போக்கரைப் பேணும் கட்டடம் புதிதன்று. தஞ்சை மராத்திய மன்னர் காலத்து ஒரத்தநாட்டுச் சத்திரம் இன்றும் நிற்கிறது. அத்துணைப் பெரிதும் வேண்டா. திண்ணை ஒன்றே போதும். பழைய வீடுகளின் திண்ணையோரத்தில் காரையாலேயே சரிவாகத் தலைத்திண்டு கட்டியிருப்பர். முகமறியாதவன் ஒருவன் இரவில் வந்து படுப்பான் என்று எண்ணி, வீடு கட்டும்போதே அவன் தலைக்கு இடம் செய்தனர். எத்தனை கோபுரம் வரைந்தாலும் அந்தத் தலைத்திண்டுக்கு ஈடாகாது.

காத்திருத்தலில் மலேசியத் தமிழர்க்குக் கசப்பான நினைவும் உண்டு. தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை, தோட்டங்களுக்கு வந்தோர் ஆவடி, நாகப்பட்டின முகாம்களில் எண்ணப்பட்டும் சோதிக்கப்பட்டும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தனர். 1926இல் கட்டப்பட்ட இராஜூலா கப்பல் சுமந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று குளிரூட்டிய கூடத்தில் அமர்கின்றனர். பயணிகளை எண்ணி நிரைப்படுத்தும் சரக்காகக் கருதுவது முகாமின் இலக்கணம். விருந்தாகக் கருதுவது திண்ணையின் இலக்கணம். இன்றைய கூடங்கள் எதனைச் சார்ந்தவை என்பதைப் பண்பாடு பேசும் வல்லுநர் ஆராய்தல் வேண்டும்.

1974இல் திறக்கப்பட்ட செனாய் நிலையத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. பெருநிலையங்களைப்போல் அது பரந்ததன்று; சிறு கூடத்தில் மாறுதல் செய்வது எளிது. ஜொகூரின் பழைய லீமாஸ் வீட்டுக்கு ஐந்து முகட்டுக் கூரை. முன்புறத்தில் செரம்பி என்னும் திறந்த தாழ்வாரம். வந்தவரை அமர்த்திப் பேசும் இடம் அது. மலாய்க்காரர் செரம்பியும் தமிழர் திண்ணையும் உடன்பிறப்புகள் எனலாம். கூரையின் உருவை நுழைவாயிலில் ஒப்பனையாக ஏற்றுவது எவர்க்கும் இயலும். செரம்பியைக் கொணர்வதே வேலை. காப்புச் சோதனை வாயிலுக்கு முன்னால், அனுப்ப வந்தவரும் செல்பவரும் கால் மடக்கி ஒன்றாக உட்கார அகன்ற மரமேடை, உள்ளே, கைப்பிடியற்று, ஒரு முனையில் தலைத்திண்டுடன் சில நீண்ட பலகைகள், அருகே குடிநீர். இவற்றுக்குச் செலவு மிகுதியன்று. ஆனால் அவ்விடங்கள் கடைக்கு விட்டால் வாடகை தரும் இடங்கள். தடை அங்கேதான் இருக்கிறது.