ஷ்டைல்ஹாங் வளைவில் ஒரு நொடி

ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் இருக்கிறது கிட்ஸ்பூஹெல் என்ற சிற்றூர். அதையொட்டி எழும் ஹானென்காம் மலையில் 1931 முதல் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. ஸ்ட்ரைஃப் என்ற சரிவில் 1937-இல்தான் முதலில் ஓடினார்கள். நீளம் 3,312 மீட்டர், இறக்கம் 860 மீட்டர். சுவிட்சர்லாந்தின் வெங்கன் தடம் இதைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனாலும் இறக்கப் பந்தய வீரர்கள் மற்ற எதையும்விட வெல்ல ஆசைப்படுவது ஸ்ட்ரைஃபைத்தான்.

புறப்பட்ட சில நொடிகளில் மவுஸஃபாலே வந்துவிடும். அங்கே சரிவு 85 சதவீதம்: நூறு மீட்டர் முன்னே நகர்ந்தால் எண்பத்தைந்து மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். வீரர் எண்பது மீட்டர் வரைகூடக் காற்றில் பறந்துபோய் விழுவார். தொலைக்காட்சிக்கு இந்தத் தாவல்மீது தீராத காதல்.

ரசிகர் கண்வைக்க வேண்டிய இடம் அதற்குச் சற்றுக் கீழே, ஷ்டைல்ஹாங் என்ற பகுதியின் கடைசி வளைவு. தண்ணீர் பாய்ச்சி இறுக்கிய பனி அது. பலகையின் விளிம்பைத் தவிர வீரருக்கு வேறு பிடிமானம் கிடையாது. கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் வேகம் அவரை வேலிப்பக்கம் தள்ளும். பயந்து விளிம்பை அழுத்தினால் பனித்தூள் பறக்கும், வேகம் செத்துவிடும். அடுத்து வரும் ப்ரூக்கென்ஷுஸும் க்ஷோஸும் ஏறக்குறைய சமதளம். இழந்த வேகத்தை அங்கே மீட்க வழியே இல்லை. வளைவில் தவறவிட்ட சிறு துளி வேகம் அந்தச் சமதளம் முழுக்க வட்டி கட்ட வைக்கும். அதனால்தான் நல்ல வீரரின் வளைவில் ஆர்ப்பாட்டமே தெரியாது. முன்கூட்டியே திரும்பத் தொடங்கி, பலகைகளை ஓடவிட்டு, தூள் கிளப்பாமல் வெளியேறுகிறார் பாருங்கள், அதுதான் இந்தக் கலையின் உச்சம்.

2008-இல் அமெரிக்காவின் போடி மில்லருக்கு அந்த வளைவு கைகொடுக்கவில்லை. வெளிப்பக்கம் தள்ளப்பட்டவர் விழவில்லை. வேலியில் கட்டிய விளம்பரத் துணியின்மேலேயே பலகைகளை ஓட்டி, திரும்பத் தடத்தில் இறங்கினார். இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஸ்ட்ரைஃப் இறக்கப் பந்தயத்தை அவர் கடைசிவரை வெல்லவேயில்லை; ஆனால் அந்த ஓட்டத்தை இன்றும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நடுவழியில் இருப்பது ஸைடல்ஆல்ம் குடில். பனிச்சறுக்கு உலகக் கோப்பைத் தொடருக்கான யோசனை 1966-இல் உருவானது இங்கேதான்.

பிறகு ஹவுஸ்பெர்க். விளிம்பிலிருந்து தாவி விழுந்ததும் உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும். அடுத்த குறுக்குத்தடமோ பக்கவாட்டில் சரிந்து வீரரைக் கீழே இழுக்கும். தொடைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்க, மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் கடைசித் தாவல். 2009-இல் சுவிஸ் வீரர் டேனியல் ஆல்பிரெக்ட் அங்கே விழுந்து வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். 2011-இல் மவுஸஃபாலேயில் விழுந்த ஹான்ஸ் க்ரூகரின் பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. இந்தச் சரிவை ரசிக்கிறவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஸ் ஸ்ட்ரோபல் 1997-இல் எடுத்த 1 நிமிடம் 51.58 நொடிதான் தடத்தின் சாதனை நேரம். ஆனால் ஸ்ட்ரைஃபை முழுதாகப் புரிந்துகொண்டவர் என்றால் டிடியே க்யூஷ்தான். 1998-இல் முதல் வெற்றி, அப்புறம் 2008, 2010, 2011. 2012-இல் முப்பத்தேழு வயதில், பந்தய வாரத்திலேயே ஓய்வை அறிவித்துவிட்டு, ஐந்தாவது முறையும் வென்றார்.