ஒரே குண்டில் சாகிறவர்கள்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு தொடர்கதையில் ஜமீன்தார் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அறைக்குள் தாழிட்டுக்கொண்டு நின்ற அவரை, மூடிய கதவுக்கு வெளியே இருந்து கைத்துப்பாக்கியால் ஒருவன் சுட்டான். ஒரே குண்டு. "அம்மா!" என்று ஒரு குரல். விழுந்தார். தொடரும் போட்டேன். அந்த வாரம் எனக்கு ரொம்பத் திருப்தி.

போலீஸ் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் திருநெல்வேலியிலிருந்து கடிதம் போட்டார். பாராட்டு ஒரு வரி கூட இல்லை. மூன்று கேள்விகள் இருந்தன. கதவு என்ன மரம்? எத்தனை அங்குலக் கனம்? ஜமீன்தார் ஏன் உடனே விழுந்தார்? முதல் இரண்டையும் படித்துச் சிரித்தேன். மூன்றாவதற்கு, "குண்டு பட்டவர் விழாமல் வேறு என்ன செய்வார்?" என்று பதில் எழுதினேன். அதற்கு அவர் கடிதம் எழுதவில்லை. ஓர் ஆங்கில அறிக்கையின் நகலைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

அமெரிக்க எப்.பி.ஐ.யின் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த யூரி பேட்ரிக் என்பவர் 1989-ல் எழுதிய அறிக்கை அது. கைத்துப்பாக்கிக் குண்டு மனித உடம்பை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் விஷயம். இதை யாரும் இலக்கிய விமர்சனம் என்று அலமாரியில் வைக்கமாட்டார்கள். ஆனால் என் தொழிலைப் பற்றி நான் படித்தவற்றுள் இவ்வளவு உறைத்த விமர்சனம் வேறில்லை.

அறிக்கைக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11-ந் தேதி, மியாமியில் இரண்டு கொள்ளைக்காரர்களை எட்டு எப்.பி.ஐ. அதிகாரிகள் தெருவில் மடக்கினார்கள். சண்டை சில நிமிஷங்கள்தான். அதன் ஆரம்பத்திலேயே, மைக்கேல் பிளாட் என்ற கொள்ளைக்காரன் காரின் ஜன்னல் வழியாக வெளியேறும்போது ஓர் அதிகாரியின் குண்டு அவன் மேல் பாய்ந்தது. வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. கதையாக இருந்தால் அத்தியாயம் அங்கே முடிந்திருக்கும். பிளாட் அதற்குப் பிறகுதான் சண்டை போட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயப்பட்டார்கள்.

அந்த ஓர் அங்குலத்தை எப்.பி.ஐ.யால் மறக்க முடியவில்லை. குண்டின் மேல் பழி போட்டது நியாயமா, திட்டமிட்ட விதத்தில் கோளாறா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், அதன் பிறகு ஒரு கறாரான பரிசோதனை முறையை வகுத்தார்கள். அதற்குக் கருவி ஜெலட்டின். நம் ஊர்க் கல்குவாரியில் பாறைக்கு வைக்கும் வெடிக்கும் இதே பெயர் உண்டு, இது அதுவல்ல. பன்றித் தோலைக் காய்ச்சி எடுக்கும் கூழ்ப்பொருள். பத்துக்கு ஒரு பங்கு பொடியை வெந்நீரில் கரைத்து உறைய வைத்து, 4 டிகிரி குளிரில் வைத்தால், ஓரடிக்கு மேல் நீளமான நுங்கு போல ஒரு கட்டி கிடைக்கும். வியட்நாமில் வேலை செய்த ராணுவ ரண சிகிச்சை நிபுணர் மார்ட்டின் ஃபேக்லர், குண்டு பன்றியின் தொடைச் சதையில் போகும் ஆழத்தையும் இந்தக் கட்டியில் போகும் ஆழத்தையும் ஒப்பிட்டு, இந்தப் பதம் சரி என்று நிறுவினார். கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சின்ன இரும்புக் குண்டைக் குறித்த வேகத்தில் சுடுவார்கள். அது சுமார் எட்டரை சென்டிமீட்டர் போய் நிற்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பது போலத்தான்.

வெறும் கட்டியைச் சுடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. மனிதன் வெறும் கட்டியாக எங்கே நிற்கிறான்? சட்டை போட்டிருப்பான்; கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பான்; காருக்குள் இருப்பான். ஆகவே கட்டிக்கு முன்னால் தடைகளை வைத்தார்கள். குளிர்காலத்துக் கனத்த உடைகள், கார்க் கதவுக்கு ஈடாக இரண்டு இரும்புத் தகடுகள், சுவருக்காக இரண்டு ஜிப்சம் பலகைகள், முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, சாய்த்து நிறுத்திய கார்க் கண்ணாடி. இவற்றைத் தாண்டியும் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18-க்கு மேல் போனால் நல்லதல்ல. 12 அங்குலம் ஏன் என்றால், குண்டுக்கும் இதயத்துக்கும் நடுவே எதிராளியின் கையே குறுக்கிடலாம். பிளாட்டின் கை அங்கே வந்துவிடுகிறது.

நான் எதிர்பாராத இடம் இனிமேல்தான். போலீசார் உபயோகிக்கும் தோட்டாவின் முனையில் ஒரு குழி இருக்கும். ஈரச் சதைக்குள் புகுந்ததும் அந்தக் குழியில் அழுத்தம் ஏறி, முனை காளான் போல விரியும். (கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் செய்த விரியும் குண்டுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். யுத்தத்தில் அந்த மாதிரிக் குண்டு கூடாது என்று 1899-ல் ஹேக் நகரில் பல தேசங்கள் ஒப்பந்தம் செய்தன.) விரிந்தால் காயம் அகலும், ஆழம் குறையும். கண்ணாடி குண்டின் மேலுறையைக் கிழித்து வழியையும் திருப்பிவிடும். அது நமக்கே தோன்றும். ஆனால் துணியும் சுண்ணப்பலகையும்? குழியில் பஞ்சும் பொடியும் அடைத்துக்கொண்டால் குண்டு விரிய மறந்து, சாதாரணக் குண்டு போல நேரே போய்க்கொண்டே இருக்கும். தடை குண்டை நிறுத்தவில்லை. இன்னும் ஆழமாகப் போக விட்டது. ஜமீன்தார் கனமான சால்வை போர்த்திக்கொண்டிருந்தார் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. சால்வை எனக்கு அலங்காரமாகத்தான் பட்டிருந்தது.

சுவர் விஷயமும் இப்படியே. அமெரிக்கத் துப்பறியும் நாவல்களில் கதாநாயகன் சுவருக்குப் பின்னால் பதுங்கும்போது, நாம் மனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடிச் சுவரைக் கட்டிக்கொள்கிறோம். அங்கே பல வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது அரை அங்குலப் பலகை இரண்டு, நடுவில் காற்று. குண்டுக்கு அது திரைச்சீலை. அவர்களைக் காப்பியடித்து எழுதும் நம்மவர்கள் நம் வீட்டுச் சுவரையும் அப்படியே துளைத்துவிடுகிறார்கள்.

தவறு காட்டினால் திருந்துகிற எழுத்தாளர்களும் உண்டு. 1956-ல் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர், ஜேம்ஸ் பாண்டின் கைத்துப்பாக்கி பெண்கள் வைத்துக்கொள்கிற ஜாதி என்று இயான் ஃபிளெமிங்குக்கு எழுதினார். ஃபிளெமிங் 1958-ல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலில் துப்பாக்கியை மாற்றினார். பூத்ராய்ட் பெயரிலேயே ஒரு பாத்திரத்தையும் வைத்தார். பெருந்தன்மைதான். ஆனால் மாறியது துப்பாக்கியின் பெயர். குண்டு பட்டவன் எப்படிச் சாகிறான் என்று அவரும் கேட்கவில்லை, நிபுணரும் கேட்கவில்லை.

இது மட்டமான நாவல்களின் குறை மட்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. புஷ்கினின் ஒனேகினில் லென்ஸ்கி ஒரே குண்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே பிணமாகிறான். 1837-ல் புஷ்கினே அப்படி ஒரு துவந்த யுத்தத்தில் வயிற்றில் குண்டு பட்டு விழுந்தார். விழுந்தவர் தம் முறையை விட்டுக்கொடுக்காமல், பனியில் கிடந்தபடியே குறி பார்த்துச் சுட்டார். எதிராளி தாந்தேஸின் கையைத் துளைத்துப் போன அந்தக் குண்டு அவன் பொத்தானில் பட்டு நின்றதாகச் சொல்வார்கள். அவன் பிழைத்தான். புஷ்கின் இரண்டு நாள் கிடந்து, அவஸ்தைப்பட்டு இறந்தார். எழுதியபோது இல்லாத கையும் பொத்தானும் அந்த இரண்டு நாளும் வாழ்க்கையில் வந்து சேர்ந்துகொண்டன.

அறிக்கை சொல்வது இதைத்தான், வேறு பாஷையில். இதயமே சிதைந்தாலும், மூளையில் தங்கிய பிராணவாயுவைக் கொண்டு மனிதன் 10 முதல் 15 விநாடி வரை நினைத்ததைச் செய்ய முடியும். மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால் தவிர, உடனே விழுவது நிச்சயமில்லை. பின் ஏன் பல பேர் லேசான காயத்துக்கே விழுகிறார்கள்? பேட்ரிக் சொல்லும் காரணங்களில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப்போட்டது. சுடப்பட்டவன் விழ வேண்டும் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் புத்தகங்களும் அவனைப் பழக்கி வைத்திருக்கின்றனவாம். நாம் எழுதிய பொய்யை நம்பி ஒருவன் விழுகிறான். அதே பொய்யை நம்பி, ஒரு குண்டு போதும் என்று சும்மா நிற்கிற போலீஸ்காரன் சாகிறான்.

கூழ்க் கட்டிக்கும் குறை இல்லாமல் இல்லை. அதற்கு எலும்பு கிடையாது. பயமோ வைராக்கியமோ கிடையாது. புஷ்கின் பனியில் கிடந்து குறி பார்த்ததற்கு அதில் எந்த அளவும் இல்லை. அந்த இடத்தை நாவலாசிரியன்தான் எழுத வேண்டும். நானோ அந்த 15 விநாடியை ஒரு "அம்மா!"வில் முடித்துவிட்டேன்.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். குண்டு பட்ட ஜமீன்தார் விழவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; தாழ்ப்பாளை ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறார்; மேஜை மேல் இருந்த உயிலைக் கிழிக்கப் போய், பாதி கிழித்து நிறுத்திவிடுகிறார். நாலு பக்கம் வந்தது. நீளம் என்றார் பதிப்பாளர். திருநெல்வேலிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் கார்டில் வந்தது. கதவு தேக்கா, வேம்பா என்று இந்தப் பதிப்பிலும் எழுதவில்லையே என்று கேட்டிருந்தார்.