வாசகரும் எழுத்தாளரும்: ஈழத்துச் சஞ்சிகைகள் வளர்த்த உறவு பற்றி ஒரு மதிப்பீடு

எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான உறவினைத் தமிழ்த் திறனாய்வாளர் தனிப்பொருளாகக் கொண்டு ஆராய்ந்தமை குறைவு. உள்ளடக்கம், உருவம், கருத்துநிலை ஆகியன பற்றி நெடிய விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயின் ஒரு படைப்பு எவரிடம் சென்றடைந்தது, சென்றடைந்தபின் அங்கு யாது நிகழ்ந்தது, அந்நிகழ்வு எழுதியவரிடம் எவ்வாறு திரும்பிவந்தது என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றின் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. இன்று எழுதுவோர் எண்ணிக்கை பெருகியுள்ளது. எழுதியதை மறுகணமே பலர் முன் வைக்கும் மின்னியற் சாதனங்களும் கைவசமுள்ளன. எனினும் தமக்கு வாசகர் இல்லை என்ற முறைப்பாடு குறைந்தபாடில்லை. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு ஈழத்துச் சஞ்சிகைகளின் அனுபவம் பெரிதும் துணைசெய்யும் என நாம் கருதுகின்றோம். வாசகரை நுகர்வோராக அன்றி உழைப்பிலும் தீர்ப்பிலும் பங்காளராக ஏற்றுக்கொண்ட இடங்களிலேயே உண்மையான உறவு உருவாயிற்று. அவ்வாறு ஏற்றுக்கொள்ளாத இடங்களில் விற்பனையும் பாராட்டும் இருந்தனவேயன்றி உறவு இருக்கவில்லை. இதுவே நாம் ஈண்டு நிறுவ முற்படுவது.

ஈழத்து நவீன இலக்கியத்தின் வாசகர் யார் என்று நோக்கும்போது, முதலில் நம் கவனத்திற்கு வருவது கிராமத்து வாசிகசாலையாகும். ஒரு பத்திரிகைப் பிரதியைப் பலர் மாறிமாறி வாசிப்பதும், வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிக்க ஏனையோர் கேட்டிருப்பதும் அங்கு வழக்கமாயிருந்தன. எனவே, விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் தவறாகும். வாசிப்பு அங்கு கூட்டுச் செயலாகவும் இருந்தது. வாசித்தவற்றைப் பற்றிய பேச்சு வாசிப்பின் ஒரு பகுதியாயிற்று. சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 1930 ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஈழகேசரி’ 1958 வரை நிலைபெற்றமைக்கு இத்தகைய வாசகர் தளம் ஒரு காரணமெனலாம். மாணவருக்கும் இளைஞருக்கும் அவ்விதழ் இடமளித்தது. இன்றைய வாசகர் நாளைய எழுத்தாளர் என்னும் எண்ணம் அதன் நடைமுறையில் உள்ளடங்கியிருந்தது. 1943 இல் யாழ்ப்பாணத்தில் இளம் எழுத்தாளர் சிலர் ஒன்றுகூடி மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். 1946 முதல் 1948 வரை ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை வெளிவந்தது. அதன் வாழ்நாள் குறுகியது. எனினும் சங்கம் முன்னரும் சஞ்சிகை பின்னருமாக அமைந்த வரிசை மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் எழுத்தை ஒருவர் படித்துப் பேசும் பழக்கத்திலிருந்தே அச்சுச் சஞ்சிகை தோன்றியது.

எனினும் வாசிகசாலையை இலட்சிய வடிவில் வருணிப்பது வரலாற்றுக்கு நீதியாகாது. சாதியமைப்பு இறுகியிருந்த யாழ்ப்பாணச் சமூகத்தில் கோயிலும் தேநீர்க்கடையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை, கல்வியும் அவ்வாறே. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நடைமுறையை உடனே மாற்றிவிடவுமில்லை. ஆகவே வாசகரோடு உறவு என்னும் பேச்சு, எவர் வாசகராக அனுமதிக்கப்பட்டிருந்தனர் என்னும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1954 இல் அமைக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வரலாற்று முக்கியத்துவம் இவ்விடத்திலேதான் தெளிவாகின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் மத்தியிலிருந்து வந்த கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் எழுதத் தொடங்கியபோது, அதுகாறும் இலக்கியத்தின் பொருளாக மட்டும், அதுவும் அரிதாக, இடம்பெற்றோர் அதன் படைப்பாளராயினர். 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, நாளிதழின் பரந்த வாசகரிடம் இவ்வெழுத்தைக் கொண்டுசேர்த்தார்.

1960 களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தையும் இவ்வுறவின் நோக்கில் மீளப் பார்த்தல் வேண்டும். சாதாரண மக்களின் பேச்சுமொழி இலக்கியத்தில் இடம்பெறுவதைப் பண்டித மரபினர் எதிர்த்தனர். முற்போக்கு அணியினர் அதனை யதார்த்தத்தின் தேவையென வாதிட்டனர். இவ்விவாதம் மொழித் தூய்மை பற்றியது மட்டுமன்று. தமது பேச்சு அச்சிலேறக் கண்ட வாசகர், இலக்கியம் தமக்கும் உரியதென உணர்ந்தனர். அத்துடன் வேறொன்றும் நிகழ்ந்தது. தம் வாழ்வு சரியாக எழுதப்பட்டுள்ளதா எனத் தீர்ப்புக் கூறும் தகுதியையும் அவர்கள் பெற்றனர். கடலோர மக்களின் பேச்சை எழுதுபவர் அம்மக்களின் செவிக்குத் தப்ப முடியாது. பேச்சுமொழியின் வரவு எழுத்தாளருக்கு அளித்த சுதந்திரத்தினும் அவர்மீது சுமத்திய பொறுப்பே பெரிது.

இப்பின்னணியில் 1966 ஓகஸ்ற்றில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யை நோக்குவோம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூன் என்னும் சிகையலங்கரிப்பு நிலையமே அதன் முதற் களம். அதே ஆண்டு ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், தொழிலிடம் ஒன்று இலக்கியக் களமாகியமையின் சமூக அர்த்தம் விளங்கும். பேராசிரியரும் மாணவரும் தொழிலாளரும் சந்தித்துப் பேசும் இடமாக அது மாறியது. சிகையலங்கரிக்க வந்தோர் சஞ்சிகையுடன் திரும்பினர். சஞ்சிகை தேடி வந்தோர் உரையாடலில் கலந்தனர்.

‘மல்லிகை’யின் நடைமுறைகளுள் மூன்றினை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றோம். முதலாவது, ஆசிரியரே பிரதிகளைச் சுமந்து சென்று வாசகர் கையிற் கொடுத்தமை. இதனை வறுமையின் விளைவென்றோ தனிமனிதத் தியாகமென்றோ மட்டும் கூறி அமைதல் போதாது. கையிற் கொடுப்பவர், முந்திய இதழைப் பற்றிய அபிப்பிராயத்தையும் கையோடு பெற்றுக்கொள்கின்றார். விநியோகமே விமர்சனத்தின் வாயிலாகின்றது. இரண்டாவது, ‘தூண்டில்’ என்னும் கேள்வி-பதிற் பகுதி. இலக்கியம், அரசியல், ஆசிரியரின் சொந்தக் கருத்துகள் யாவும் அங்கு வாசகரின் வினாவுக்கு உட்பட்டன. மூன்றாவது, எழுத்தாளரின் உருவத்தை அட்டையில் இட்டு, அவரைப் பற்றி வேறொருவர் எழுதும் முறையும், பிரதேசச் சிறப்பிதழ்களும். விஜயபாஸ்கரன் தமிழகத்தில் நடத்திய ‘சரஸ்வதி’யில் இவ்வட்டைப்பட மரபுக்கு முன்மாதிரி உண்டு. ஈழத்தில் இது யாழ்ப்பாணத்துக்கு வெளியே, தென்னிலங்கையிலும் மலையகத்திலும் எழுதுவோரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தது. சிங்களச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகளும் இவ்வரிசையிற் சேர்ந்தன. இவ்வாறு 2012 வரை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. போர்க்காலத்தின் இடப்பெயர்வையும் 1990 களின் பிற்பகுதியிற் கொழும்புக்கு மாறியமையையும் கடந்து சஞ்சிகை நிலைத்தமைக்கு, முதலீடு அன்று, இவ்வுறவே காரணமாகும்.

ஆயின் இவ்வுறவின் வலிமையிலேயே அதன் பலவீனமும் பொதிந்திருந்தது. நேரில் அறிந்தவரைப் பற்றி எழுதும்போது நன்றியும் நட்பும் மதிப்பீட்டின் இடத்தை எடுத்துக்கொள்வது இயல்பு. அட்டைப்படக் கட்டுரைகள் பலவற்றில் எழுத்தாளரின் குணநலன்கள் விரிவாகவும் அவரது ஆக்கங்களின் குறைபாடுகள் சுருக்கமாகவும் இடம்பெற்றன. ஊக்குவித்தல் என்பது புதியவருக்கு வேண்டியதே. ஆனால் பத்தாண்டுகள் எழுதியவரையும் அதே அளவுகோலால் ஊக்குவித்தல், அவரையும் வாசகரையும் மதியாமையாகும். இது ‘மல்லிகை’க்கு மட்டும் உரிய குறையன்று, வெளியீட்டு விழா, பாராட்டு விழா, நினைவுமலர் என விரியும் நமது பொதுப் பண்பாட்டின் குறை. கவியரங்குகளிலும் இதனைக் காணலாம். கேட்போர் முன்னிலையில் நிற்றல் கவிதைக்குப் பேச்சோசையை மீட்டுக் கொடுத்தது. அதே வேளை, கைதட்டலை எதிர்பார்த்து அடிகளை அமைக்கும் பழக்கத்தையும் வளர்த்தது. உடனடியாகக் கிடைக்கும் ஒப்புதல், வாசகரின் ஆழ்ந்த தீர்ப்புக்குப் பதிலீடாக முடியாது.

எனவே, கருத்து மாறுபாட்டையும் உறவின் ஒரு வடிவமாகக் கொள்ளுதல் அவசியமாகின்றது. அ. யேசுராசா முதலியோரின் முயற்சியில் 1975 முதல் 1990 வரை வெளிவந்த ‘அலை’ இவ்வகையிற் கவனத்திற்குரியது. முற்போக்கு அணியின் சில முடிவுகளை அது வெளிப்படையாக மறுத்தது. கலைத்தன்மை பற்றிய அளவுகோல்களை வலியுறுத்தியது. அதன் நிலைப்பாடுகள் யாவற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. சமூக உள்ளடக்கத்தின் வரலாற்றுத் தேவையை அது போதிய அளவு மதிக்கவில்லை என்பதே எமது கருத்து. எனினும் இரு அணியினரும் ஒருவரையொருவர் வாசித்து மறுத்தெழுதியமையால், வாசகர் இருதரப்பையும் ஒப்புநோக்கித் தாமே முடிவுக்கு வரும் வாய்ப்பைப் பெற்றனர். இதற்கு மறுதலையாக, இணைந்து உழைத்தமைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. விமர்சகரான கைலாசபதியும் கவிஞரான இ. முருகையனும் சேர்ந்து 1970 இல் வெளியிட்ட ‘கவிதை நயம்’, கவிதையை எவ்வாறு வாசிப்பது என்பதை மாணவருக்கு விளக்கும் நூலாகும். எழுதுவோர் இருவரின் தோழமை, வாசகரைத் தகுதியுடையோராக்கும் பணியில் முடிந்தமை இங்கு நாம் கருதவேண்டியது.

சந்தை விரிவு உறவாகுமா என்னும் வினாவுக்கு 1970 களின் வரலாறு விடை தருகின்றது. அப்பத்தாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகள், நூல்கள் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1972 இல் தொடங்கிய வீரகேசரிப் பிரசுரங்கள், ஈழத்து நாவல்களைக் குறைந்த விலையில் நாடெங்கும் பரப்பின. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ போன்றன முன்னொருபோதும் இல்லாத அளவு வாசகரைச் சென்றடைந்தன. உள்ளூர் எழுத்துக்கு வாசகர் இல்லை என்ற கூற்று இதனாற் பொய்யாயிற்று. ஆயின் 1977 இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டு இறக்குமதிகள் மீண்டும் வந்தபோது, அவ்விரிவு அதே வேகத்தில் நிலைக்கவில்லை. கட்டுப்பாடு வாங்குவோரைத் தந்தது. வாங்கியோர் கூடிப் பேசவும் மறுப்புக் கூறவும் வேண்டிய அமைப்புகள் அதே அளவில் வளரவில்லை. சிறுதொகைப் பிரதிகளோடு ‘மல்லிகை’ நீடித்ததையும் பெருந்தொகைப் பிரதிகளோடு பிரசுர முயற்சி தளர்ந்ததையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு இவ்வேறுபாடு புலனாகும்.

1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. தொடர்ந்த போரும் புலப்பெயர்வும் எழுத்தாளரையும் வாசகரையும் கண்டங்கள்தோறும் சிதறச் செய்தன. 1985 இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 கவிஞரின் குரல்களை ஒன்றுசேர்த்தது. அதன் தொகுப்பாளருள் ஒருவரான இ. பத்மநாப ஐயர், நூல்களை ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே பரிமாறுவதையே தமது இலக்கியப் பணியாகக் கொண்டவர். ஒரு வாசகர் இலக்கிய வரலாற்றில் எத்தகைய இடம்பெறக் கூடும் என்பதற்கு அவர் பணியே சான்று. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இம்மரபின் தொடர்ச்சியாகும். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் தேடி, மின்வடிவாக்கி, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துள்ளனர். ‘மல்லிகை’, ‘அலை’ ஆகியவற்றை இன்றைய மாணவர் இருந்த இடத்திலிருந்தே வாசிக்க முடிவது இவ்வுழைப்பின் பயனாகும். ஒருவரையொருவர் நேரிற் காணாதோர் ஒரு பணியின் மூலம் உறவுகொண்டனர்.

இதே இணையத்தில் மற்றொரு போக்கும் உண்டு. ஒருவர் பாராட்டப் பதிலுக்கு மற்றவர் பாராட்டுவது, விருப்பக் குறிகளை எண்ணி மகிழ்வது, மாறுபட்ட கருத்துக் கூறியவரைப் பகைவராகக் கருதுவது என்பன அதன் இயல்புகள். இப்போக்கைத் தொழில்நுட்பத்தின் மீது சுமத்தித் தப்புதல் பொருந்தாது. கவியரங்கின் கைதட்டலும் பாராட்டு விழாவின் பொன்னாடையும் இவ்வியல்புகளை முன்னரே கொண்டிருந்தன. புதிய சாதனம் அவற்றை விரைவுபடுத்தியுள்ளது. சாதனம் எதுவாயினும், அதனைப் பயன்படுத்துவோரிடையே நிலவும் சமூக உறவே அதன் பயனை நிர்ணயிக்கின்றது.

மேற்கூறியவற்றிலிருந்து சில கடமைகள் பெறப்படுகின்றன. எழுத்தாளர், தம் சக எழுத்தாளரின் ஆக்கத்தை முழுமையாக வாசித்து, காரணங்காட்டி மதிப்பிடுதல் வேண்டும். அவ்வுழைப்பைத் தாம் செய்யாது பிறரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. சஞ்சிகைகள் மறுப்புகளுக்கும் இடமளித்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எமக்கு இதில் விசேட பொறுப்புண்டு. நமது ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்தாளரைப் பொருளாகக் கொள்கின்றனவேயன்றி அவரை வாசகராகக் கருதி அவருடன் உரையாடுவதில்லை. வாசிகசாலைகளின் பதிவேடுகள், சஞ்சிகைகளுக்கு வந்த கடிதங்கள், அவற்றை விற்றோரின் நினைவுகள் ஆகியன சேகரிக்கப்படுதலும் அவசியம். முதியோர் மறைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அப்பணியைத் தாமதித்தல் இயலாது. ஈழத்து இலக்கியத்தை யார் வாசித்தனர், எவ்வாறு வாசித்தனர், எதனை ஏற்க மறுத்தனர் என்னும் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்போதே நமது இலக்கிய வரலாறு முழுமைபெறும்.